ஓடாத டயரில் ஏன் வெடிப்பு?

கேள்வி: அப்பாவின் ஸ்கூட்டர் இரண்டு வருடமாக வாசலிலேயே நிற்கிறது. டயரில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் நெருக்கமாக வெடிப்புகள். சர்வீசுக்கு விட்டால் இரண்டு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். ஓடாத டயர் எப்படிக் கெடும்? ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. டயர் நின்றும் கெடும்.

காற்றில் மிகக் கொஞ்சம் ஓசோன் உண்டு. ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டும். சும்மா கிடக்கும் ரப்பரில் இந்த வேதிவினை மேல்தோலோடு நின்றுவிடும். இழுபட்ட ரப்பரில் அப்படியில்லை. வெட்டுப்பட்ட இடத்தை இழுவிசை பிளந்துவிடும், உள்ளே இருக்கும் புது ரப்பர் ஓசோனிடம் மாட்டும், அதுவும் வெட்டுப்படும். பழைய நோட்டுக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டைப் பாருங்கள், இழுத்த திசைக்குக் குறுக்காகத்தான் வெடித்திருக்கும். அதே பாக்கெட்டில் சும்மா கிடந்தது அந்த அளவுக்கு வெடித்திருக்காது.

உங்கள் வண்டியில் காற்று இறங்கியிருக்கும். பாரம் தாங்காமல் பக்கச்சுவர் பிதுங்கி, அந்த இழுவையிலேயே மாதக்கணக்கில் நின்றிருக்கும். இதற்காகத்தான் தயாரிக்கும்போதே ரப்பரில் மெழுகும் ஓசோன் தடுப்பு ரசாயனமும் சேர்க்கிறார்கள். வண்டி ஓடி டயர் நெளிய நெளிய அவை மேலே கசிந்து பூச்சாகப் படியும். நின்ற வண்டிக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. பாலிஷ் போட்டால் சரியாகுமா என்றால், வெடிப்பு கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். பெட்ரோலியம் கலந்த சில பாலிஷ்கள் இருக்கிற மெழுகையும் கரைத்துவிடும்.

சரி, மாற்றியே ஆக வேண்டுமா? வெடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். உள்ளே நூல் தெரிந்தாலோ நகம் இறங்கினாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். மயிரிழைக் கீறல் என்றால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிக் கேளுங்கள்.

புது டயர் வாங்கும்போது பட்டனை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்; 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ரொம்பப் பழையதை நீட்டினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அப்புறம், இனி வண்டி நிற்கப்போகிறது என்றால் காற்றைச் சரியான அளவில் வைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள். வெல்டிங்கின் மின்பொறியிலும் ஓசோன் உண்டாகும்.