கேள்வி – பதில்: கலீஃபா உமரின் நிர்வாகம்

கேள்வி: போரில் கிடைத்ததில் ஐந்தில் நான்கு பங்கு வீரர்களுக்கு என்பதுதானே முறை? இராக்கின் நிலத்தை மட்டும் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) ஏன் பங்கிட மறுத்தார்?

பதில்: ஆயுதம், குதிரை, வெள்ளி எல்லாம் முறைப்படியே பங்கிடப்பட்டன. தகராறு வந்தது ‘சவாத்’ எனப்படும் தென் இராக் வயல்வெளியில்தான். பிலால், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் போன்ற நபியின் மூத்த தோழர்களே பங்கு கேட்டார்கள். கூறுபோட்டுக் கொடுத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும், எல்லைப் படைக்குச் செலவு எங்கிருந்து வரும் என்று கேட்டார் உமர். ஆணையிட்டு முடித்திருக்கலாம், செய்யவில்லை. அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்களிலிருந்து ஐவர் ஐவராக அன்சாரிகளை (மதீனாவாசிகளான நபித்தோழர்களை) அழைத்து, தன் தரப்பை அவர்கள் முன் வைத்தார். பின்னால் வருவோரையும் சேர்த்துப் பேசும் குர்ஆனின் அல்ஹஷ்ர் வசனம் (59:10) அவருக்குக் கைகொடுத்தது.

முடிவானதும் உஸ்மான் பின் ஹுனைஃப், ஹுதைஃபா பின் யமான் இருவரையும் நிலம் அளக்க அனுப்பினார். கணக்கில் வந்தது 3 கோடியே 60 லட்சம் ஜரீப் (ஒரு ஜரீப் சுமார் 1,600 சதுர மீட்டர்). உழுதவர்களிடமே நிலம் இருந்தது. கராஜ் எனும் நில வரி மட்டும் கருவூலத்துக்கு. ஜரீபுக்கு ஆண்டுக்குக் கோதுமை என்றால் 4 திர்ஹம் (வெள்ளி நாணயம்), வாற்கோதுமை 2, திராட்சைத் தோட்டம் 10 என்கிறது பரவலான அறிவிப்பு. தான் கத்திக்குத்துப் படுவதற்குச் சில நாள் முன்புகூட அவ்விருவரையும் நிறுத்தி, “நிலம் தாங்காத சுமையை ஏற்றிவிட்டீர்களோ?” என்று விசாரித்தார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. வரி பரப்பளவுக்கு, விளைச்சல் பொய்த்தாலும் தொகை குறையாது. கேட்டுத் தணிக்கிற ஆள் மேலே இருக்கும்வரை அது பெரிதாக உறுத்தவில்லை. பிற்பாடு உறுத்தியது, அப்பாஸிய கலீஃபா மஹ்தியின் காலத்தில் சவாதில் விளைச்சலில் பங்கு என்று மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: தூரத்து ஆளுநர்களை மதீனாவிலிருந்தபடி எப்படிக் கட்டுக்குள் வைத்தார்?

பதில்: பதவி ஏற்கும்போதே சொத்துப் பட்டியல் எழுதி வாங்கிவிடுவார். பிறகு கணக்குக்கு மீறிப் பெருகியிருந்தால் பாதி கருவூலத்துக்குப் போகும். எகிப்தை வென்ற அம்ர் பின் ஆஸும் இதற்குத் தப்பவில்லை. ஹஜ் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, மக்களை நேரில் புகார் சொல்லச் செய்வார். விசாரணைக்குப் பெரும்பாலும் போகிறவர் முஹம்மத் பின் மஸ்லமா.

இராக்கின் கூஃபா நகரில் சந்தை இரைச்சல் தாளாமல் ஆளுநர் சஅத் பின் அபீ வக்காஸ் மாளிகைக்குக் கதவு போட்டார். உமர் அனுப்பிய முஹம்மத் பின் மஸ்லமா வந்தார், விறகு வாங்கினார், கதவைக் கொளுத்தினார், திரும்பிவிட்டார்! பின்னர் அதே சஅதின் மேல் புகார் வந்தபோது கூஃபாவின் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரித்தார்கள். பனூ அப்ஸ் பள்ளியில் ஒருவரைத் தவிர எல்லாரும் நல்லதாகவே சொன்னார்கள். ஆனாலும் பதவி போயிற்று. ஊர் ஒப்பாத ஆளுநர், குற்றமற்றவராயினும், அங்கே நீடிப்பதை உமர் விரும்பவில்லை என்றே படுகிறது. ஏனென்றால் மரணப் படுக்கையில் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த அறுவரில் சஅதையும் சேர்த்து, “இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரை நீக்கவில்லை” என்று தெளிவுபடுத்தினார்.

கேள்வி: ஹிஜ்ரி ஆண்டு அவர் தொடங்கியதா?

பதில்: ஆம், ஆண்டுக் கணக்கு அவருடையது. ஷஅபான் மாதம் என்று மட்டும் குறித்த ஓலை வந்தால் எந்த ஆண்டின் ஷஅபான்? அலுவலகக் குழப்பம்தான் காரணம். மாதங்கள் பழையவையே.

கேள்வி: கருவூலத்திலிருந்து தந்த உதவித்தொகையில் ஏற்றத்தாழ்வு வைத்தது சரியா?

பதில்: முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தார். உமரோ திவான் எனும் உதவித்தொகைப் பதிவேட்டில், இஸ்லாத்தில் முந்தியவருக்குக் கூடுதல் தொகை என்று வைத்தார். நபி காலத்துப் பத்ர் போரில் போரிட்டவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என்பது ஒரு கணக்கு. சலுகை உறவுக்காக இல்லை: நபியின் வளர்ப்பு மகன் ஜைதின் மகனான உஸாமாவுக்குத் தந்ததைவிடத் தன் மகன் அப்துல்லாஹ்வுக்குக் குறைவாகவே தந்தார். ஆனால் தொகையோடு தொகை சேர்ந்து சில வீடுகளில் செல்வம் குவிந்தது. கடைசி நாட்களில், உயிரோடிருந்தால் எல்லாரையும் சமமாக்குவேன் என்று அவர் சொன்னதாகச் செய்தி உண்டு. கி.பி. 644இல் கொலையுண்டார், பதிவேடு அப்படியே தொடர்ந்தது.