எத்தனை மணி நேரத்துக்கு?

அன்புள்ள சார்,

நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். பொறியியல் படித்ததில்லை. சில மாதங்களாக, மாலை நேரத்தில் பொதுமக்களுக்காக நடக்கும் பொறியியல் உரைகளுக்குப் போய்வருகிறேன். காற்றாலை, எஃகு உற்பத்தி, பேட்டரி நிலையம் என்று மூன்று கேட்டுவிட்டேன். படங்கள் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து யோசித்தால் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. கடைசி உரையில் ‘100 மெகாவாட் பேட்டரி’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று கேட்கத் தோன்றியது. அசட்டுக் கேள்வியாக இருக்குமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். கணிதம் வராத என்னைப் போன்றவர்கள் இந்த உரைகளுக்குப் போவதில் பயன் உண்டா? எஃகை ஏன் முழுக்க மின்சாரத்திலேயே செய்யக் கூடாது என்பதும் புரியவில்லை. கலைச்சொற்களைத் தமிழில் சொன்னால் எளிதாக இருக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள நண்பருக்கு,

ஏனம்மா கேட்காமல் இருந்தீர்கள்? அன்று அந்த அரங்கில் யாராவது கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதி உங்கள் மேல், பாதி மேடையில் நின்றவர் மேல்.

மெகாவாட் என்பது வேகம். அந்தப் பேட்டரி ஒரு நொடியில் எவ்வளவு தர முடியும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்ல மெகாவாட்-மணி என்று வேறொரு அளவு உண்டு. ஒரு மெகாவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு மெகாவாட்-மணி. நீங்கள் கணக்கு எழுதுபவர். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்க முடிகிற உச்சத் தொகை வேறு, கணக்கில் இருக்கிற தொகை வேறு என்பது உங்களுக்குத் தெரியாதா? முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் தன்னைப் பணக்காரர் என்று சொல்லிக்கொண்டால் விடுவீர்களா? தென் ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 2017இல் ஒரு பேட்டரி நிலையம் வந்தது. அப்போது அதுவும் 100 மெகாவாட்தான். கொள்ளளவு 129 மெகாவாட்-மணி. முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வந்திருக்கும், அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கோ ஒரு மின்நிலையம் திடீரென்று நின்றுபோனால் நொடிக்குள் கைகொடுப்பது அதன் முக்கியமான வேலை, அதை அது நன்றாகவே செய்தது. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் சொன்னால்தானே கேட்பவருக்கு இது புரியும்?

இதைவிட எனக்கு ஆகாதது ‘இத்தனை லட்சம் வீடுகளுக்கு மின்சாரம்’ என்ற பேச்சு. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று நல்ல வெயில் உள்ள இடத்தில் ஆண்டு முழுக்கச் சேர்த்துத் தருவது, அது முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 1,75,200 மெகாவாட்-மணி. நன்றாக ஓடும் அணுமின் உலை அதே 100 மெகாவாட்டுக்குப் பத்தில் ஒன்பது பங்கு தரும். 7,88,400 மெகாவாட்-மணி. பெயர்ப்பலகையில் ஒரே எண், கையில் வருவதில் நாலரை மடங்கு வித்தியாசம். சரி, ஆண்டுக் கணக்கைச் சரியாகவே போட்டு, ஒரு வீட்டின் சராசரிச் செலவால் வகுத்து, வீடுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீடுகளில் இரவு எட்டு மணிக்கு விளக்கு எரிவது எதனால்? சூரியன் அப்போது இல்லை. சராசரியை வைத்து யாரும் விளக்கு ஏற்ற முடியாது. எப்போது, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் விழுங்கிவிட்டு வீடுகளை எண்ணிக் காட்டுவது, கேட்க வந்தவரைக் குழந்தையாக நினைப்பது. குழந்தைகளிடம்கூட அப்படிப் பேசக் கூடாது.

குழந்தையாக நான் கேட்ட ஓர் உரையைச் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயது இருக்கும். மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேசினார். திரையெல்லாம் இல்லை. மேசையில் கையால் சுற்றுகிற டைனமோ ஒன்றை இறுக்கி வைத்திருந்தார். அதோடு ஒரு குண்டு பல்பு, ஒரு சுவிட்ச். என்னைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னார். கைப்பிடி காற்றாடி மாதிரி சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் அவர் சுவிட்சைப் போட்டார். யாரோ எதிர்ப்பக்கம் பிடித்து இழுப்பதுபோலக் கைப்பிடி கனத்துவிட்டது. மேசைக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன். பல்பு மங்கலாகச் சிவந்தது. அரை நிமிடத்தில் தோள் விட்டுப்போயிற்று. சுவிட்சை அணைத்தார், கைப்பிடி மறுபடி லேசானது. “அந்த வெளிச்சத்தோட கனம்தான் உன் கையில தெரிஞ்சது” என்றார்.

பிறகு சாக்குக்கட்டியால் கணக்குப் போட்டார். நல்ல உடல்வலு உள்ள ஒருவர் 50 வாட் அளவுக்குத் தொடர்ந்து சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, வீணாவது எதுவும் இல்லை என்றாலும், ஒன்றே முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதாவது ஆயிரம் வாட்-மணிக்கு, 20 மணி நேரம். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் வெப்பம் சுமார் 10 யூனிட். எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக மாற்றும் என்று கழித்தாலும், நாளுக்கு எட்டு மணி நேரமாக எட்டு நாள் உழைப்பு அந்த ஒரு லிட்டருக்குள் இருக்கிறது. அரங்கமே அமைதியாக இருந்தது. எனக்கு மூன்று நாள் தோள் வலித்தது. இன்றைக்கும் எரிசக்தி பற்றி எந்த எண்ணைக் கேட்டாலும் அந்தக் கைப்பிடியில் வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கிறேன். அவர் கணிதத்தை ஒதுக்கவில்லை, கவனியுங்கள். பெருக்கலும் வகுத்தலும்தான், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு இருந்தது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பொது உரைகளுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் பிர்க்பெக் என்ற பேராசிரியர். 1800ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், தன் வகுப்புக்கு வேண்டிய கருவி ஒன்றைச் செய்துவாங்கப் பட்டறைக்குப் போனார். அங்கே வேலை செய்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு இது என்ன, எப்படி வேலை செய்யும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் அவர் தொழிலாளர்களுக்கு இலவச உரைகளைத் தொடங்கினார். பட்டறை ஆட்கள் ‘அசட்டுக் கேள்வியோ’ என்று நினைத்துச் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்களுக்கு நாற்காலியும் போட்டு, கேள்வி நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

கலைச்சொல் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. புரிகிற சொல் எதுவானாலும் சரி. எஃகு விஷயம் நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய இரும்பை மின்வில் உலையில், அதாவது மின்பொறியின் வெப்பத்தில், உருக்கி எஃகு செய்வது நெடுங்காலமாக நடக்கிறது. தாதுவில்தான் சிக்கல். அதில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. அந்த ஆக்சிஜனைப் பிடுங்க எதுவோ ஒன்று வேண்டும். தாதுவை இரும்பாக்கும் ஊதுலையில் அந்த வேலையை நிலக்கரியிலிருந்து வரும் கரி செய்கிறது. நிலக்கரி அங்கே வெறும் எரிபொருள் இல்லை. கரியின் இடத்தில் ஹைட்ரஜனை வைக்கலாம், அந்த ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும். எவ்வளவு என்று அடுத்த எஃகு உரையில் நீங்களே கேளுங்கள்.

அடுத்து எந்த உரைக்குப் போவது என்பது உங்கள் விருப்பம். ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மேடையில் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் அலகோடு எழுதுங்கள். அலகு இல்லாத எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்குங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், எண்ணும் அலகும் விடாமல்.