பழைய லேப்டாப்பில் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை, இயர்போன் போட்டால் கேட்கிறது. என்ன கோளாறாக இருக்கும்?

இயர்போனில் கேட்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. சவுண்டு சிப் உயிரோடு இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் எல்லோரும் முதலில் சொல்லும் ‘டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடு’ வைத்தியத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விண்டோஸையே புதிதாக ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னால், லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவதே நல்லது.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹெட்போன் ஜாக்கை. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று ஸ்பிரிங் போல இருக்கும். பின்னைச் செருகும்போது அது நகரும். அதை வைத்துத்தான் சவுண்டு சிப் ‘இயர்போன் வந்துவிட்டது’ என்று தெரிந்துகொண்டு ஸ்பீக்கரை அடக்குகிறது. பல வருடம் செருகிப் பிடுங்கியதில் தகடு தளர்ந்தாலோ, தூசும் பஞ்சும் சேர்ந்தாலோ, பின்னை எடுத்த பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பாது. ஜாக்கில் எதுவுமே இல்லாதபோதும் இயர்போன் இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கும்.

இதை உறுதி செய்வது சுலபம். எதையும் செருகாமல் விண்டோஸின் சவுண்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். ‘ஹெட்போன்’ என்று காட்டினால் திருடன் பிடிபட்டான். சில லேப்டாப்புகளில் ஸ்பீக்கரும் ஹெட்போனும் சேர்ந்து ஒரே பெயரில் இருக்கும், அப்போது சவுண்டு சிப் நிறுவனமான ரியல்டெக்கின் தனிப் பேனலில் ஜாக் படம் ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மேக்புக் ப்ரோ என்றால் இன்னும் எளிது. ஜாக்குக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் செருகியிருப்பதாக அது ஏமாந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

சரி செய்ய: லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றுகிற வகை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பஞ்சு தெரிந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். சேஃப்டி பின், ஊசி எல்லாம் வேண்டாம், இருக்கிற தகடும் வளைந்துவிடும். அப்புறம் இயர்போன் பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி, லேசாகத் திருகி எடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பின்னில் கொஞ்சம் தடவிக்கொண்டு செய்தால் பலன் அதிகம். நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். கை சானிடைசரை ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் பசையும் இருக்கிறது.

என் அத்தை மகனின் லேப்டாப்பில் இதே பிரச்சினைதான். பார்த்தால் மலிவு இயர்போன் ஒன்றின் நுனி உடைந்து உள்ளேயே தங்கியிருந்தது. சூப்பர் க்ளூ தடவிய குச்சியை விட்டு ஒட்டி எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. கை தவறினால் ஜாக்கே ஒட்டிக்கொள்ளும். கடையில் கொடுத்து எடுப்பதே மேல்.

ஜாக் சுத்தமாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், பல லேப்டாப்புகளில் விண்டோஸ் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் ஒலி அளவைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும், ஸ்பீக்கர் மட்டும் மியூட்டில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் என்றால், கட்டளை தட்டும் டெர்மினலில் அல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, ஸ்பீக்கர் பட்டையின் கீழே இரண்டு ‘எம்’ இருந்தால் ‘எம்’ விசையைத் தட்டுங்கள். அங்கேயே, இயர்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக அடக்கும் ‘ஆட்டோ மியூட்’ என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்திவிட்டால் ஜாக் பழுதாகவே இருந்தாலும் ஸ்பீக்கர் பேச வாய்ப்புண்டு.

விண்டோஸ் கோளாறா, ஹார்டுவேர் கோளாறா என்று பிரித்தறிய உபுண்டு அல்லது மின்ட் என்ற லினக்ஸ் வகை போட்ட பென்டிரைவில் இருந்து, நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை, அப்போதுதான் டிரைவர் பக்கம் போகலாம். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்பா உங்களுடையது? அதில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. அழிக்காமல் வைத்திருந்தால் பென்டிரைவ்கூடத் தேவையில்லை.

இன்னொன்று யோசியுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் செத்துப்போவது அபூர்வம். ஒரு பக்கம் மட்டும் ஊமை அல்லது கரகரப்பு என்றால் ஸ்பீக்கர் போயிருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஊமை என்றால் ஜாக்கோ, மதர்போர்டில் செருகும் குட்டி கனெக்டரோதான் பெரும்பாலும் காரணம். ஃபேன் சுத்தம் செய்யவோ கீபோர்டு மாற்றவோ சமீபத்தில் லேப்டாப்பைத் திறந்தார்களா? அந்த கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். நீங்களே திறப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் ஸ்பீக்கர் பொதுவாக 4 அல்லது 8 ஓம் அருகே காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது.

ஜாக்கை மாற்றத்தான் வேண்டும் என்றால், அது மதர்போர்டிலேயே இருக்கிறதா, ஓரத்தில் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். தனி போர்டு என்றால் கழற்றி மாட்டும் வேலைதான், மாற்றிவிடுங்கள். மதர்போர்டில் சால்டர் செய்ய வேண்டும் என்றால் பழைய லேப்டாப்புக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றும் சின்ன வெளி ஸ்பீக்கரும் வாங்கினால் போதும், அது உள்ளே இருக்கும் ஜாக்கின் பேச்சைக் கேட்பதே இல்லை.