வாசகர் கேள்வி பதில்: ரெவிட்டில் வரையலாமா, பழையபடி கோடு போடலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் மட்டும் உள்ள ஆர்க்கிடெக்ட் அலுவலகம். பல வருடம் ஆட்டோகேடில் கோடு கோடாக வரைந்துவிட்டு, கட்டடத்தை 3டி மாடலாகவே உருவாக்கும் ரெவிட் மென்பொருளுக்கு இப்போது மாறினோம். முதலில் செய்த இரண்டு மாடி வீட்டுக்கே இரு மடங்கு நேரம் பிடித்தது. சின்ன வேலைகளுக்கு இது தேவையா, திரும்பிவிடலாமா?

பதில்: தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள். அந்த நேரம் முழுக்க வீட்டுக்குப் போகவில்லை; சுவர் வகைகள், கதவு ஜன்னல் ஃபேமிலிகள் (திரும்பத் திரும்பப் பயன்படும் தயார் பாகங்கள்), டைட்டில் பிளாக் (தாளில் வேலையின் பெயர் விவரம் வரும் கட்டம்), வியூ டெம்ப்ளேட் (டிராயிங் எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்கியதற்குத்தான் பெரும்பகுதி போயிருக்கும். அதையெல்லாம் ஒரு டெம்ப்ளேட் ஃபைலாக எடுத்து வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் இந்த வாரமே உட்கார்ந்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கும் அதே கதைதான்.

அப்புறம், தேவைக்கு மேல் மாடல் செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆட்டோகேடில் இரண்டு கோடு போட்டால் சுவர். ரெவிட் எந்தச் சுவர், என்ன தடிமன் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கும். வாடிக்கையாளர் இன்னும் அறைகளையே முடிவு செய்யாதபோது பூச்சு அடுக்குவரை போட்டு உட்கார வேண்டாம், பொதுவான சுவர் ஒன்றை வைத்து ஓட்டுங்கள், பிறகு வகையை மாற்றினால் எல்லாச் சுவரும் ஒன்றாக மாறிவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 1:50 டிராயிங்கில் தெரியாததும், ஷெட்யூலில் (கதவு, ஜன்னல் போன்றவற்றின் பட்டியலில்) எண்ணத் தேவையில்லாததும் மாடலுக்குள் வேண்டாம். குழாய்க் கைப்பிடியின் வளைவை 2டி டீட்டெயிலில் வரைந்தால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று, டேக் (மாடலில் உள்ள பொருளோடு இணைந்த குறி) போட வேண்டிய இடத்தில் வெறும் டெக்ஸ்ட் அடிப்பது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அவசரத்தில் கதவுக்குப் பக்கத்தில் ‘டி3’ என்று டெக்ஸ்டாக எழுதிவிட்டார். பிறகு அந்தக் கதவின் வகை மாறியது. பிளான், எலிவேஷன், ஷெட்யூல் மூன்றிலும் சரியாக மாறியது, அந்த டெக்ஸ்ட் மட்டும் அப்படியே நின்றது. தச்சர் பிளானைப் பார்த்து நிலை செய்துவிட்டார், நிலை பொருந்தவில்லை. டேக் போட்டிருந்தால் அது கதவிலிருந்தே தகவலை எடுத்திருக்கும். அளவும் இப்படித்தான்: ஆட்டோகேடில் 2985 இருக்கும் இடத்தில் 3000 என்று மேலே அடித்துவிடலாம், ரெவிட் எண்ணை மாற்ற விடாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் சைட்டில் டேப் பிடிக்கிறவருக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டும்.

கேள்வி: எங்களில் ஒருவர் ஃபைலைப் புது வெர்ஷனில் திறந்து சேவ் செய்துவிட்டார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் பழைய வெர்ஷன்தான். என்ன செய்வது?

பதில்: ரெவிட்டில் பழைய வெர்ஷனுக்கு இறக்கி சேவ் செய்ய வழியில்லை. அதே ஃபோல்டரில் ஃபைல் பெயரோடு 0001 போன்ற எண் சேர்ந்த பேக்கப் இருக்கும். மாற்றத்துக்கு முந்தையதைத் தேடி எடுத்து, நடுவில் செய்த வேலையை மறுபடி செய்யுங்கள். இன்ஜினியர் பார்த்தால் மட்டும் போதும் என்றால் ஐ.எஃப்.சி. ஃபைலாக அனுப்பலாம். ஐ.எஸ்.ஓ. 16739 தரத்தில் உள்ள பொது வடிவம் அது, வேறு மென்பொருளிலும் திறக்கும், ஆனால் ரெவிட் ஃபைல் போல இழுத்துத் திருத்த முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வேலையில் எந்த வெர்ஷன் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜினியர் 2டி மட்டும்தான் தருகிறார். நாங்கள் மட்டும் மாடல் செய்து என்ன பயன்?

பதில்: நிறைய உண்டு. அவர் தரும் ஃபைலை இம்போர்ட் செய்யாமல் (உள்ளே சேர்த்துவிடாமல்) லிங்க் செய்து (வெளியிலிருந்து இணைத்து), பீம்களை நீங்களே அதன்மேல் வையுங்கள், அரை நாள் வேலைதான். ஒரு வராந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3000 மி.மீ., ஸ்லாபும் சேர்த்து பீம் 600, மிச்சம் 2400. அதன் அடியில் ஏ.சி. டக்ட் (காற்று போகும் குழாய்) 300, தாங்கிக்கும் இன்சுலேஷனுக்கும் 50. ஃபால்ஸ் சீலிங் 2050-க்கு வந்துவிடுகிறது, கதவோ 2100. பிளானில் எல்லாம் சரியாகவே தெரியும், செக்‌ஷன் எனப்படும் குறுக்குவெட்டை எடுத்தால்தான் சீலிங் கதவின் தலையில் இடிப்பது கண்ணில் படும். அந்த செக்‌ஷனை இன்ஜினியருக்கு அனுப்பி, பீமின் ஆழத்தைக் குறைத்து அகலப்படுத்த முடியுமா, இல்லை டக்டை வேறு வழியில் கொண்டுபோகலாமா என்று சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.