கடல் மீனின் இரத்தத்தில் அமிலம் கூடினால், நம்மைப் போல வேகமாக மூச்சுவிட்டே சரிசெய்துகொள்ளுமா?

முடியாது. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் காற்றில் இருப்பதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அதைப் பிடிக்க மீன் ஏராளமான தண்ணீரைச் செவுள் வழியே ஓட்டுவதால், இரத்தத்தை அமிலமாக்கும் கார்பன் டை ஆக்சைடு எப்போதுமே அடித்துக்கொண்டு போய்விடும். இரத்தத்தில் அதன் அழுத்தம் நமக்குச் சுமார் 40 மி.மீ. பாதரசம், மீனுக்கு 2 முதல் 4 வரைதான். மூச்சை வேகப்படுத்தினாலும் குறைப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

அதனால் மீன் கைவைப்பது, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டில். வேலையில் பெரும்பங்கு செவுளில் அயனிகளை, அதாவது மின்சுமை கொண்ட துகள்களை, உள்ளும் வெளியும் கடத்தும் செல்களுடையது. கடல் மீனுக்குச் சிறுநீர் மிகக் குறைவு என்பதால் சிறுநீரகத்தின் பங்கு சொற்பம். அந்தச் செல்லுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிக்கிறது. பைகார்பனேட் இரத்தத்துக்குப் போகிறது. ஹைட்ரஜன் கடலுக்குப் போகிறது, பதிலுக்கு ஒரு சோடியம் உள்ளே வருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 470 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சோடியத்தை, அதை வெளியேற்றும் சோடியம்-பொட்டாசியம் பம்பு தாழ்வாகவே வைத்திருக்கிறது. ஆக, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் சோடியமே அமிலத்தை வெளியே தள்ளிவிடும். நன்னீர் மீனுக்கு இந்த வசதி கிடையாது. அதனால்தான் அது மெதுவாக மீள்கிறது.

சுற்றியுள்ள நீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் இரத்தத்தின் பிஎச் (அமில-கார அளவு; அமிலம் கூடினால் குறையும்) உடனே விழும். பிறகு சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பைகார்பனேட் சேர்ந்து பிஎச் மீளும். மின்சுமை சமமாக இருக்க வேண்டுமே, அதற்காக அதே அளவு குளோரைடு குறையும்.

குடலில்தான் சிக்கல். கடல் மீன் உப்புநீரைக் குடித்து, குடலில் பைகார்பனேட்டைச் சுரந்து, கால்சியத்தைக் கார்பனேட் மணிகளாகப் படியவைத்தே தண்ணீரை உறிஞ்சுகிறது. இரத்தத்தில் பைகார்பனேட் கூடினால் குடலில் இந்தச் சுரப்பும் கூடும். செவுள் சேர்ப்பதைக் குடல் கொட்டுகிறது. வளைகுடாத் தேரைமீன் (gulf toadfish) என்ற கடல் மீனில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பையில் பல மணி நேரம் வந்த மீனிடம், அது விட்ட கார்பன் டை ஆக்சைடு பையிலேயே தேங்குவதால், பைகார்பனேட் குவிந்திருக்கும். பையைத் திறந்து காற்றுக்குழாயைப் போட்டால் கார்பன் டை ஆக்சைடு சட்டெனப் பறந்து, இரத்தம் காரப் பக்கம் சாயும். பைத் தண்ணீரின் பிஎச்சும் ஏறும். ஒரு அலகு ஏறினாலே, மீனின் கழிவால் தண்ணீரில் சேர்ந்த அம்மோனியாவில் நச்சான வடிவம் சுமார் பத்து மடங்காகும். அதனால் பை மூடியிருக்கும்போதே வெப்பநிலையைச் சமன்செய்யுங்கள். திறந்ததும் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.