பாட்டியின் சுருக்குப் பையில் ஏழு வெள்ளி ரூபாய்

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது. உள்ளே 1862 என்று போட்ட விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் ஏழு. 160 வருடப் பழசு, ஒவ்வொன்றும் லட்சம் போகும் என்கிறார் சித்தப்பா. நகைக்கடையிலோ வெள்ளி விலைதான் தருவோம் என்கிறார்கள். யார் சொல்வது சரி? புளி போட்டுத் தேய்த்துவிட்டு விற்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் அந்தப் புளியை அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். விபூதி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம்.

சித்தப்பா சொல்வது சரியில்லை, நகைக்கடைக்காரர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. 1862 என்று போட்டிருப்பதால் எல்லாமே அந்த வருடம் அடித்தவை என்று அர்த்தமில்லை. 1874 வரைக்கும் அதே 1862-ஐப் போட்டுத்தான் ரூபாய் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அது ஊரெல்லாம் கிடைக்கிறது. ஆனால் பம்பாய் நாணயச்சாலை வருடத்தின் அருகே குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்து எந்த வருடம் அடித்தது என்று குறித்தது. அந்தப் புள்ளிகளில் சில சேர்க்கை அபூர்வம், அதற்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆகவே ஒரு லென்ஸ் வாங்கி ஏழையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பழசு என்பதற்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை. ராஜராஜ சோழனின் செப்புக் காசு ஆயிரம் வருடப் பழசு, ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ராஜாவின் பெயரும் இருக்கும். தஞ்சை மண்ணிலும் ஈழத்திலும் அவ்வளவு கிடைத்திருப்பதால் சுமாரான ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். இந்தப் பக்கம் ஆறாம் ஜார்ஜின் 1938 ரூபாயையும் 1939 ரூபாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே ராஜா, அதே 11.66 கிராம், அதே வெள்ளி. 1938 சாதாரணமாகக் கிடைக்கிறது. 1939 கண்ணில் படுவதே அரிது, அதனால் விலை எங்கேயோ போய்விட்டது. அதனாலேயே போலிகளும் நிறைய, 1938-இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியவர்கள்கூட இருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை மிச்சம் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விலை நிற்கிறது.

அப்புறம் நிலைமை. ராணியின் கிரீடம், பின்னலின் முடிக்கற்றைகள், மேலாடைப் பூவேலை ஆகிய மூன்றும்தான் முதலில் தேயும். காசின் விளிம்பை மட்டும் பிடித்து பல்பு வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கை படாத காசாக இருந்தால் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று ஓடும். தேய்த்துக் கழுவிய காசு பளிச்சென்று மொட்டையாக மின்னும், லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல் விழுந்துவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது, விலை பாதிக்கும் கீழே இறங்கலாம். வெள்ளியில் படிந்த கறுப்பு அழுக்கில்லை, அதைத்தான் சேகரிப்பவர் தேடி வருவார். நல்ல காசுகளை நல்லெண்ணம் என்று தேய்த்துக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா இருக்கிறது, ராமர் பட்டாபிஷேகம் போட்டது. அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் என்கிறார்கள். (வாசகர், தேனி)

பதில்: கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பின்னாளில் கோயில் வில்லையாகச் செய்து விற்றவை அவை. எந்தச் செம்பும் அரிசியை இழுக்காது. அந்தப் பேச்சோடு யாராவது வந்து முன்பணம் கேட்டால் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். பூஜையறையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நல்ல காசுதான்.

கேள்வி: வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு 10 லட்சம் தருவதாக போன் வந்தது. ரிசர்வ் வங்கிக் கட்டணம் மட்டும் முதலில் கட்டணுமாம். (வாசகி, சேலம்)

பதில்: கட்டாதீர்கள். அது 2012-இல் புழக்கத்துக்கே விட்ட காசு, இப்போதும் கடையில் சில்லறையாக வரும். பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவித்துவிட்டது. வாங்குகிறவர்தான் பணம் தரணும், விற்கிறவர் ஏன் கட்டவேண்டும்? ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.