வர்த்தகர் சங்கங்களுக்கு அரசின் கொள்கை முடிவுகளில் என்ன வேலை?

கடை வைத்திருப்பவர்கள் வியாபாரத்தைப் பார்க்காமல் வரி, தண்ணீர், நெல் கொள்முதல் என்று எல்லாவற்றுக்கும் ஏன் தீர்மானம் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கடையடைப்பு நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர் நீங்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கோபத்தில் தவறில்லை. நான் மன்னார்குடிப் பக்கம் அரிசிக்கடை நடத்துபவன். எங்கள் ஊர் வர்த்தகர் சங்கத்தில் சில ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தவன். ஆகவே இதை நடுநிலையான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவுபெற்ற வணிகப் பெயரில் விற்கும் அரிசிக்கு மட்டும் இருந்த 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18 முதல், பெயர் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரை சிப்பமாகக் கட்டி விவரம் அச்சிட்ட அரிசி அனைத்துக்கும் என்றானது. ஆலைகளோடு சேர்ந்து ஒரு நாள் நாங்களும் கடையடைத்தோம், மனு கொடுத்தோம். பயன் இல்லை. வரியின் எல்லை 25 கிலோவில் நின்றதால் ஆலைகள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கின. என் கடையில் 25 கிலோ என்று அச்சிட்ட சாக்குகள் ஒரு கட்டு வீணாயின. வீடுகளுக்குச் சிப்பம் கொண்டுபோய்ப் போடும் பையன், கூடுதலாகத் தூக்கும் ஒரு கிலோவுக்குக் கூலி என்ன என்று கேட்டான். அவனுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. டெல்லியில் எழுதிய ஒரு வரி என் தராசில் ஒரு கிலோவாக வந்து நிற்கும்போது, அதைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படி?

சங்கத்தின் காகிதத்தால் என்ன ஆகிவிடும் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. (ஆண்டுச் சந்தாவை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி நழுவுபவர்களே இதையும் சொல்வார்கள், அதிகாரிகள் சோதனைக்கு வந்த அன்று செயலாளரைத்தான் முதலில் அழைப்பார்கள்.) ஆனால் காவிரித் தண்ணீருக்காக 1983-இல் உச்ச நீதிமன்றம் சென்றது மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்ற விவசாயிகள் சங்கம், அந்த வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 1990 ஜூன் 2-ஆம் நாள், மாநிலங்களின் தண்ணீர்ப் பங்கைத் தீர்க்கும் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. அது விவசாயிகள் சங்கம், உங்களைப் போன்ற வியாபாரிகளுடையது அன்று என்று கீழே ஒருவர் எழுதக்கூடும். உண்மைதான். எனக்கு உறுத்துவதும் அதுவே.

அதே 2022-இல் மேட்டூர் அணை, வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாக, மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. குறுவை நெல் நன்றாக விளைந்திருந்த வேளையில், அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், சாலையோரம் தார்ப்பாய்க்கு அடியில் குவியல்கள் காத்துக் கிடந்தன. ஈரப்பத வரம்பைத் தளர்த்துமாறு சங்கமும் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று, என்னிடம் நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு பெரியவர் கேட்டார். அது விவசாயிகள் பிரச்சினை, நாங்கள் நுழைந்தால் அரசியல் சாயம் பூசிவிடுவார்கள் என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து என் தராசுத் தட்டில் கொட்டினார். சில மணிகளில் வெள்ளையாக முளை தெரிந்தது.

“தம்பி, ஒன் அரிசிக்கு அஞ்சு பர்சன்ட்டுன்னா கடையச் சாத்துற. எங்க நெல்லு மொளைச்சா அது அரசியலா?”

அதன்பின் மத்திய அரசு அந்தப் பருவத்துக்கு 19 விழுக்காடு வரை தளர்த்தியது. அதில் எங்கள் சங்கத்தின் பங்கு ஒன்றும் இல்லை. நெல்லுக்குப் பணம் வந்தால்தான் எங்கள் கடைத்தெருவில் கடன் நோட்டுகள் அடைபடும் என்பது தெரிந்தே வாய்மூடி இருந்தோம். எனவே, சங்கங்கள் கொள்கை பேசுகின்றன என்ற உங்கள் குற்றச்சாட்டை ஏற்க என்னால் இயலவில்லை. தங்கள் சரக்கு வரைக்கும் மட்டுமே பேசுகின்றன என்று கேட்டிருந்தால் தலைகுனிந்திருப்பேன். சங்கத்தைக் கட்சி மேடையாக்க விரும்புபவன் நான் என்று யாரும் திரிக்க வேண்டாம்; தேர்தல் நேரத்தில் ஆதரவு கேட்டு வருபவர்களிடம் சங்கத்தின் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஆண்டு பொதுக்குழுவில் கொள்முதல் குறித்த தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன், நிறைவேறியது. பெரியவரிடம் சொன்னபோது தலையசைத்துக்கொண்டார். இட்லி அரிசியை இன்றுவரை எதிர்க்கடையில்தான் வாங்குகிறார்.